ஒரு விரல் என்றால் எவ்வளவு?

ஃப்ளோரிடாவின் கீ லார்கோவிலிருந்து படகில் சற்றுத் தூரம் சென்றால், ஸ்பீகல் குரோவ் என்ற பழைய அமெரிக்கக் கடற்படைக் கப்பல் கடலடியில் கிடக்கும் இடம் வரும். 510 அடி நீளமுள்ள அந்தக் கப்பலை மீன்களுக்கான செயற்கைத் திட்டாக 2002-ஆம் ஆண்டு மூழ்கடித்தார்கள். பக்கவாட்டில் சாய்ந்து கிடந்த அதை, 2005-இல் வந்த டென்னிஸ் புயல் நிமிர்த்தி வைத்துவிட்டது. அதன் மேற்பகுதிக்கு அருகே, ஏறத்தாழ 20 மீட்டர் ஆழத்தில், என்னுடன் இறங்கியிருந்த அமெரிக்க நண்பரிடம் எவ்வளவு காற்று மீதமிருக்கிறது என்று சைகையால் கேட்டேன். அவர் ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்திக் காட்டினார். ‘சரி’ என்று பதில் சைகை செய்துவிட்டு, நான் கப்பலின் மறுகோடியை நோக்கி நீந்தத் தொடங்கினேன்.

புதுச்சேரிக் கடலில் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொண்ட எனக்கு, ஒரு விரல் என்றால் 100 பார்; பார் என்பது அழுத்தத்தை அளக்கும் மெட்ரிக் அளவை. அமெரிக்காவில் கற்றுக்கொண்ட அவருக்கு, ஒரு விரல் என்றால் 1000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்தக் கணக்கு); அதாவது 69 பார். எங்கள் முதுகில் இருந்த 11 லிட்டர் சிலிண்டரில் இந்த 31 பார் வித்தியாசம் ஏறத்தாழ 340 லிட்டர் காற்றுக்குச் சமம். கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்றைச் சுவாசிக்கும் ஒருவர், 20 மீட்டர் ஆழத்தில் மூன்று மடங்காக 60 லிட்டரைச் செலவிடுவார். ஆக, நண்பரிடம் இருப்பதாக நான் நம்பிய காற்றில் ஐந்தரை நிமிடத்துக்கான காற்று அவரிடம் இல்லவே இல்லை. அவரோ, ஆயிரம் என்று சொன்ன பிறகு நான் திரும்பிவிடுவேன் என்ற எண்ணத்தில் என் பின்னால் வந்துகொண்டிருந்தார். சில நிமிடங்கள் கழித்து என் துடுப்புக் காலணியைப் பிடித்து இழுத்து, தன் அழுத்தமானியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். இருவரும் பத்திரமாக மேலே வந்துவிட்டோம். ஆனால் படகில் ஏறியபோது, கட்டாயம் மீதம் வைத்திருக்க வேண்டிய 500 பி.எஸ்.ஐ.-க்கும் கீழே அவருடைய முள் இறங்கியிருந்தது.

அன்று இரவு முழுவதும் இதையே எண்ணிக்கொண்டிருந்தேன். நாங்கள் இருவருமே தவறாக எதையும் சொல்லவில்லை. இருவருமே கவனமானவர்கள். ஆனாலும், எண்ணை மட்டும் சொல்லி அளவையின் பெயரைச் சொல்லாமல் விட்டோம். தண்ணீருக்குள் அதைச் சொல்லவும் வழியில்லை.

யோசித்துப் பார்த்தால், அளவையின் பெயரைச் சொல்லாமல் விடுவது நம் ஊரில் அன்றாட வழக்கம்தான். பெட்ரோல் பங்கில் “முன்னாடி இருபத்தஞ்சு, பின்னாடி முப்பது போடுங்கண்ணே” என்று சொல்கிறோம், அது பி.எஸ்.ஐ. என்று சொல்பவரும் கேட்பவரும் நினைத்துப் பார்ப்பதே இல்லை. “பிள்ளைக்கு நூத்திரெண்டு இருக்கு” என்று அம்மா சொன்னால் அது ஃபாரன்ஹீட். நாளிதழ்களில் வெயில் ‘சதமடித்தது’ என்று வந்தால் அதுவும் ஃபாரன்ஹீட்தான். ஆனால் அறையின் குளிர்சாதனப் பெட்டியில் ‘இருபத்துநாலு’ என்று வைப்பது செல்சியஸ். மேட்டூர் அணை ‘நூற்றிருபதை எட்டியது’ என்றால் அது அடிக்கணக்கு. அணைக்கு வரும் நீர் கன அடியில், தேங்கிய நீர் டி.எம்.சி.யில், அதே செய்தியின் அடுத்த வரியில் பெய்த மழை மட்டும் சென்டிமீட்டரில். துணியை மீட்டரில் வாங்குகிறோம், பூவை முழத்தில் வாங்குகிறோம், தங்கத்தைக் கிராமில் நிறுத்துச் சவரனில் பேசுகிறோம். 1956-இல் எடையளவைச் சட்டம் வந்து, 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாக மெட்ரிக் முறைக்கு மாறிய நாடு இது. வீசையும் பலமும் கடைகளிலிருந்து மறைந்துவிட்டன. ஆனால் அடியும் அங்குலமும் சென்ட்டும் கிரவுண்டும் மறையவில்லை.

இந்தக் கலவை நமக்குப் பெரிய தொல்லையாக இருந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு பொருளும் தன் அளவையைத் தன்னோடே கொண்டுவருகிறது என்பதுதான் அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். டயர் என்றால் பி.எஸ்.ஐ., பால் என்றால் லிட்டர். இதை அதற்கு மாற்றும் வேலை யாருக்கும் இல்லை. ஒரே பொருளுக்கு இரண்டு அளவைகள் வரும் இடத்தில்தான் சங்கடம் தொடங்குகிறது. வீட்டுமனை வாங்கியவர்களுக்கு அது தெரிந்திருக்கும். பேச்சு கிரவுண்டில், பத்திரம் சதுர அடியில், பட்டா ஹெக்டேரிலும் ஏரிலும் இருக்க, 2400 சதுர அடி என்பது 223 சதுர மீட்டர், அது 2.23 ஏர் என்று ஒவ்வொன்றாகப் பெருக்கிச் சரிபார்க்கும்போது எங்கோ ஒரு துண்டு குறையும்; அதைத் தேடிக்கொண்டு சர்வேயரிடம் போக வேண்டியிருக்கும். கட்டுமானத்திலும் இரட்டை அளவை உண்டு. கொத்தனார் “மூணு நூல் கம்பி” என்று கேட்டால், கடைக்காரர் 10 எம்.எம். கம்பியை எடுத்துக் கொடுப்பார். எட்டு நூல் ஓர் அங்குலம் என்ற பழைய கணக்கில் மூன்று நூல் 9.5 மில்லிமீட்டர்தான் வரும். ஆனாலும் அங்கே தவறு நேராது; கம்பி இருவர் கண்ணெதிரிலும் கிடக்கிறது, கையால் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம். சிலிண்டருக்குள் இருக்கும் காற்றை அப்படித் தொட்டுப் பார்க்க முடியாது. எண் ஒன்றுதான் அதற்குச் சாட்சி.

எனவே கடலுக்கடியில் எந்த அளவை என்ற கேள்வியை, ஊர்ப்பற்று சார்ந்த விவாதமாக நான் பார்க்கவில்லை. அதற்கு என்னிடம் தெளிவான பதில் உண்டு: டைவிங்குக்கு மெட்ரிக் முறையே சிறந்தது. நம் நாட்டின் முறை என்பதற்காக இதைச் சொல்லவில்லை; அந்த முறையே தண்ணீரிலிருந்து பிறந்தது என்பதற்காகச் சொல்கிறேன். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மேல் 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் கன அளவு சரியாக ஆயிரம் கன சென்டிமீட்டர். அதாவது ஒரு லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் ஒரு கிலோ எடை அழுத்துகிறது என்றால், அது ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம். இதில் மனப்பாடம் செய்வதற்கு எதுவுமே இல்லை. நீர்மட்டத்தில் காற்று மண்டலத்தின் அழுத்தம் ஒரு பார். 10 மீட்டரில் இரண்டு, 20 மீட்டரில் மூன்று, 30 மீட்டரில் நான்கு. ஆழத்தின் பத்தாம் இடத்து எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் போதும். அடிக்கணக்கில் இதே படிகள் 33, 66, 99 என்று போகும். 85 அடியில் அழுத்தம் எவ்வளவு என்று கேட்டால், 85-ஐ 33-ஆல் வகுத்து ஒன்றைக் கூட்ட வேண்டும். கரையில் உட்கார்ந்து கணக்கிட அது கடினமில்லை. ஆனால் 30 மீட்டருக்குக் கீழே, அழுத்தத்தில் சுவாசிக்கும் நைட்ரஜன் மூளையை மந்தமாக்கும்போது, வகுத்தல் கணக்கை நான் நம்ப மாட்டேன். ஒன்றைக் கூட்டுவதை நம்புவேன்.

சிலிண்டர் விஷயத்தில் வேறுபாடு இன்னும் ஆழமானது. இங்கே ஒரே அளவுக்கு இரண்டு பெயர்கள் என்பது இல்லை. இரண்டு முறைகளும் இரு வேறு பண்புகளை அளக்கின்றன. மெட்ரிக் வழக்கில் சிலிண்டரின் பெயர் அதன் உட்புறக் கொள்ளளவு. 12 லிட்டர் சிலிண்டர் என்றால், அதற்குள் 12 லிட்டர் தண்ணீர் ஊற்றலாம் என்று பொருள். அமெரிக்க வழக்கில் சிலிண்டரின் பெயர், அதை முழு அழுத்தத்துக்கு நிரப்பும்போது எவ்வளவு காற்று கொள்ளும் என்பது. உலகெங்கும் வாடகைக்குக் கிடைக்கும் அலுமினிய சிலிண்டரை அவர்கள் ‘எண்பது’ என்கிறார்கள், 3000 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் அது 80 கன அடி காற்றைக் கொள்ளும் என்பது கணக்கு. உண்மையில் அது கொள்வது 77.4 கன அடிதான் என்பது அந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அதே சிலிண்டரை நாம் 11 லிட்டர் என்கிறோம்.

கன அடி என்றால் நம்மவர்களுக்குச் சட்டென்று புரிய ஒரு வழி உண்டு. வீடு கட்டியவர்கள் மணலை யூனிட் கணக்கில் வாங்கியிருப்பார்கள்; ஒரு யூனிட் என்பது 100 கன அடி. வாசலில் கொட்டிக் கிடக்கும் ஒரு யூனிட் மணலில் முக்கால் பங்குக்குச் சற்றுக் கூடுதலான இடத்தை அடைக்கும் காற்றை, முதுகில் சுமக்கும் ஒரு குழாய்க்குள் திணித்திருக்கிறார்கள். லிட்டரில் சொன்னால் ஏறத்தாழ 2200 லிட்டர். மொட்டைமாடியில் நிற்கும் 2000 லிட்டர் தண்ணீர்த் தொட்டியைவிடச் சற்று அதிகம். அந்தக் காற்றுக்கு எடையும் உண்டு. லிட்டருக்கு 1.2 கிராம் வீதம் இரண்டரைக் கிலோவுக்கு மேல் வரும். அதனால்தான், இறங்கும்போது தண்ணீரில் அமிழும் அதே அலுமினிய சிலிண்டர், காற்று தீர்ந்த பிறகு மிதக்கப் பார்க்கிறது.

இப்போது முதல் கேள்விக்குத் திரும்புகிறேன்: அழுத்தமானியைப் பார்த்து, எவ்வளவு காற்று மீதமிருக்கிறது என்று எப்படி அறிவது? என் முறையில் 11 லிட்டரை 70 பாரால் பெருக்கினால் 770 லிட்டர், முடிந்தது. நண்பரின் முறையில் 1000-ஐ 3000-ஆல் வகுத்து 77.4-ஆல் பெருக்க வேண்டும், 25.8 கன அடி வரும். அதோடு நிற்பதில்லை. எஃகு சிலிண்டர்களில் சில 2640 பி.எஸ்.ஐ.-க்கும் சில 3442 பி.எஸ்.ஐ.-க்கும் நிரப்பப்படுகின்றன, சிலிண்டர் மாறினால் வகுக்கும் எண்ணும் மாறுகிறது. இதனால்தான் அங்கே பலர் காற்றைக் கணக்கிடுவதே இல்லை. “ஆயிரத்தில் திரும்பு, ஐந்நூறில் படகில் இரு” என்ற விதியைப் பின்பற்றுகிறார்கள். விதி நல்ல விதிதான். என் நண்பரைப் போல ஆயிரக்கணக்கான முறை இறங்கியவர்களுக்கு அது போதுமானதாகவும் இருக்கிறது. ஆனால் விதி மட்டும் தெரிந்தவர், வழக்கத்துக்கு மாறான ஆழத்திலோ வழக்கத்துக்கு மாறான சிலிண்டருடனோ இறங்கும்போது, தன்னிடம் எத்தனை நிமிடம் இருக்கிறது என்பதைத் தானே கண்டுபிடிக்க முடியாது. கற்றுக்கொள்ளும் காலத்தில் எங்கள் பயிற்சியாளர் சிலேட்டில் இந்தப் பெருக்கலை எழுதிக் காட்டியபோது, காற்று என்பது அச்சப்படும் பொருளாக இருந்த நிலை மாறி, கையில் எண்ணிப் பார்க்கும் சில்லறையைப் போல எனக்கு ஆனது. அந்த நிம்மதியை எல்லா மாணவர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இதைச் சொல்லும்போதே, மெட்ரிக் டைவர்களாகிய நாங்கள் அடிக்கணக்கில் கட்டிய வீட்டில்தான் குடியிருக்கிறோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தொடக்கநிலைப் பயிற்சி பெற்றவருக்கு எல்லை 18 மீட்டர் என்கிறோம். பதினெட்டு என்ற அந்த எண் எங்கிருந்து வந்தது? அது 60 அடி. அடுத்த எல்லையான 30 மீட்டர் 100 அடி, பொழுதுபோக்கு டைவிங்கின் இறுதி எல்லையான 40 மீட்டர் 130 அடி. அழுத்தத்திலிருந்து மெல்ல விடுபடுவதற்காக மேலே வரும் வழியில் 9, 6, 3 மீட்டர்களில் நிற்கும் வழக்கமும் 30, 20, 10 அடிகளின் மறு உருவம்தான். ஸ்காட்லாந்து உடலியல் அறிஞர் ஜே. எஸ். ஹால்டேன் இந்த நிறுத்தங்களுக்காக 1908-இல் வெளியிட்ட அட்டவணைகள் அடிக்கணக்கில் இருந்தன. பின்னால் வந்த கடற்படை அட்டவணைகளும் அப்படியே. கருவிகளிலும் இதே கதைதான். சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கத் தரும் ரெகுலேட்டரில் குழாய்கள் பொருந்தும் மரைகள் ஐரோப்பாவில் செய்தாலும் ஆசியாவில் செய்தாலும் அங்குலக் கணக்கிலேயே இருக்கின்றன. மறுபுறம், பி.எஸ்.ஐ.-ஐயும் பவுண்டையும் விடாத அமெரிக்கர்களும் நீரில் அணியும் உடையின் தடிமனை ‘3 மில்லிமீட்டர்’, ‘5 மில்லிமீட்டர்’ என்றுதான் சொல்கிறார்கள்.

மரை என்றதும் சொல்லியே ஆக வேண்டிய ஓர் ஆபத்து நினைவுக்கு வருகிறது. சிலிண்டரின் கழுத்தில் வால்வு பொருந்தும் மரை, ஐரோப்பாவில் பெரும்பாலும் எம்-25 எனப்படும் மெட்ரிக் மரை: 25 மில்லிமீட்டர் விட்டம், ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் 2 மில்லிமீட்டர் இடைவெளி. அமெரிக்காவிலும் வேறு பல நாடுகளிலும் அது முக்கால் அங்குல மரை: அங்குலத்துக்கு 14 புரிகள். முக்கால் அங்குலம் என்பதால் அது 19 மில்லிமீட்டர் இருக்கும் என்று எண்ணக் கூடாது. நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயைப் போல அதுவும் உள்விட்டத்தை வைத்துப் பிறந்த பெயர். மரையின் வெளிவிட்டம் 26 மில்லிமீட்டருக்கும் சற்று மேல். இதனால் 25 மில்லிமீட்டர் வால்வு முக்கால் அங்குலக் கழுத்துக்குள் சற்றுத் தளர்வாக இறங்கும். இரண்டொரு சுற்றில் புரிகள் ஒன்றோடொன்று சிக்கி, நன்றாக இறுகியதுபோலவே தோன்றும். அந்தச் சிலிண்டரை 200 பாருக்கு நிரப்பும்போது வால்வு துப்பாக்கிக் குண்டைப் போலப் பிய்த்துக்கொண்டு போகலாம். வால்வைத் திருகும்போது ஏதோ சற்றே ஆடுவதுபோல் கை உணர்ந்தால், அங்கேயே நிறுத்திவிட்டுக் கழுத்தில் பொறித்திருக்கும் மரைக் குறியீட்டைப் படிக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. பொறித்த எழுத்து தெரியும்.

என் உடலே எனக்கு எதிராக நடந்துகொண்ட ஒரு நாளும் உண்டு. அமெரிக்கா சென்ற புதிதில், சொந்தக் கருவிகள் இல்லாமல், ஆழத்தைத் திரையில் காட்டும் டைவ் கம்ப்யூட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு இறங்கினேன். திரை அடியில் காட்டும் என்று தெரிந்தே இறங்கினேன். ஆழத்தில் இருந்தவரை எல்லாம் சரியாக இருந்தது. பெரிய எண்களைப் பார்க்கும்போதெல்லாம் மனம் விழிப்பாக இருந்து, ‘இது அடி’ என்று சொல்லிக்கொண்டது. மேலே வரும்போது, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டிய பாதுகாப்பு நிறுத்தத்துக்காகத் திரையைப் பார்த்தேன். 18 என்று இருந்தது. பதினெட்டு என் கண்ணுக்கு மிகப் பழகிய எண். புதுச்சேரியில் நூறு முறை பார்த்த ஆழம். இன்னும் நிறைய தூரம் இருக்கிறது என்று கால்கள் தாமாகவே உதைத்தன. அடுத்த முறை பார்க்கையில் திரையில் 8 இருந்தது. தலைக்கு மேலே படகின் அடிப்பாகம் கைக்கெட்டும் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டரை மீட்டருக்கு வந்துவிட்டிருந்தேன். கணக்குத் தெரியாததால் வந்த பிழை அல்ல அது. எண்ணைப் படித்த கண்ணுக்கும் உதைத்த காலுக்கும் இடையே அறிவு தலையிடவே இல்லை. அன்றிலிருந்து எந்த நாட்டுக்குப் போனாலும் என் சொந்த கம்ப்யூட்டரையும் அழுத்தமானியையும் எடுத்துக்கொண்டுதான் போகிறேன்; அவற்றின் அமைப்பை ஒருபோதும் மாற்றுவதில்லை.

புதுச்சேரியில் எங்களைக் கடலுக்கு அழைத்துச் செல்லும் படகோட்டி, தலைமுறை தலைமுறையாக மீன்பிடிக்கும் குடும்பத்தில் வந்த பெரியவர். அவருக்கு மீட்டரும் வேண்டாம், அடியும் வேண்டாம். இரு கைகளையும் அகல விரித்தால் ஒரு விரல்நுனியிலிருந்து மறு விரல்நுனி வரை ஒரு பாகம். ஆங்கிலேய மாலுமிகளின் ஃபாதம் என்ற அளவையும் இதே விரித்த கைகளிலிருந்து பிறந்து ஆறு அடியாக நிலைத்ததுதான். முதல் நாளில் அவர் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, பிறகு அதை இழுத்து, மார்பின் குறுக்கே கைகளை விரித்து விரித்து அளந்தது இன்னும் கண்முன் நிற்கிறது. “பத்து பாகம் இருக்கு தம்பி, அடி மணலு” என்றார். பத்து பாகம் என்றால் 60 அடி. அதுதான் எங்கள் 18 மீட்டர். இறங்கிப் பார்த்தபோது என் கம்ப்யூட்டர் 17.2 என்று காட்டியது. மேலே வந்து அவர் அருகில் நின்று பார்த்தேன். அவர் என்னைவிடச் சற்றுக் குள்ளமானவர். அவருடைய பாகம் 172 சென்டிமீட்டர். தன் கையால் அளந்த கயிற்றைத் தன் கையாலேயே இறக்கி வலை விடுபவருக்கு, அந்த அளவில் ஒரு பிழையும் இல்லை.

சென்ற பருவத்தில் கீ லார்கோ நண்பர் இந்தியா வந்திருந்தார். அதே படகில், அதே பத்து பாகத்துக்கு இருவரும் இறங்கினோம். அவர் தன் பி.எஸ்.ஐ. அழுத்தமானியைக் கொண்டுவந்திருந்தார், அதைக் கழற்றி வைத்துவிட்டு, என்னிடம் கூடுதலாக இருந்த பார் அழுத்தமானியைப் பொருத்திக்கொண்டார். இருந்தாலும் முப்பது ஆண்டுப் பழக்கம் அவர் விரல்களில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். எனவே படகு ஆடிக்கொண்டிருக்க, இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் விரலைக் காட்ட மற்றவர் அது எத்தனை பார் என்று வாய்விட்டுச் சொல்லும்படி பயிற்சி செய்தோம். உள்ளங்கையை முன்கையில் வைத்தால் நூறு, அதன்பின் காட்டும் ஒவ்வொரு விரலும் பத்து, முஷ்டியை மடக்கினால் ஐம்பது. முதல் முறை அவர் ஒரு விரலை உயர்த்திவிட்டு, தானே தலையை ஆட்டிக் கையை இறக்கினார். நான்கு முறை தொடர்ந்து சரியாகச் சொன்ன பிறகுதான் முகமூடியை மாட்டினோம்.